மழை பெய்ததும் மேசைக்குக் கீழே போகும் பிள்ளைகள்



கொஞ்சம் நீளமான பதிவு. தோட்டத்துப் பெற்றோரும், எங்கள் ஜமாஅத்தாரும், சக ஆசிரியர்களும் பொறுமையாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டில் பிள்ளைகள் யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டது. ஹட்டனில் மழை பெய்வது ஒரு செய்தியே இல்லை. குடையோடு பிறந்தவர்கள் நாம். ஆனால் இந்த முறை எங்கள் வகுப்பறையில் மழை வேறு மாதிரிக் கேட்கிறது. தகரக் கூரையில் பெரிய துளி விழத் தொடங்கியதும் ஒரு பிள்ளை சத்தமில்லாமல் மேசைக்குக் கீழே போகிறது. இன்னொன்று புத்தகப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைப் பார்த்தபடி நிற்கிறது. ஒரு பையன் ஒன்றுமே செய்வதில்லை. கண் திறந்திருக்கும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்காது. இரண்டு மூன்று பேருக்கு வயிற்றுவலி. அதுவும் மழை நாளில் மட்டும்.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா சூறாவளியை யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. நாடு முழுக்க 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மலையக மாவட்டங்களில் உயிர்களைக் கொண்டுபோனது பெரும்பாலும் மண்சரிவுதான். பாதை இல்லை, கரண்ட் இல்லை, போன் சிக்னல் இல்லை. எங்கள் பிள்ளைகளில் பலர் அந்த இரவை கோயில் மண்டபத்திலும் ஸ்டோரிலும் ஈர உடுப்போடு நின்றபடி கழித்தவர்கள். பாதை திறந்துவிட்டது, கரண்ட் வந்துவிட்டது. பிள்ளைகளின் உடம்பு மட்டும் இன்னும் அந்த இரவிலேயே நிற்கிறது. இந்தப் பதிவு அதைப் பற்றியது.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். பாடசாலை மறுபடி தொடங்கிய முதல் கிழமை, "அந்த இரவு" என்று தலைப்புக் கொடுத்து பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொன்னோம். மனதில் இருப்பதைக் கொட்டினால் பாரம் இறங்கும் என்று நம்பினோம். சிலர் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஒரு பெண்பிள்ளை தலைப்பை மட்டும் மூன்று தரம் எழுதினாள். பிறகு வாந்தி எடுத்தாள். அந்தக் கிழமை முழுக்க அவள் வரவில்லை. அம்மா மலையிலிருந்து நேராக, இடுப்பில் கட்டிய படங்கோடு வந்து கேட்டார்: "டீச்சர், புள்ளைய என்னா செஞ்சீங்க?"

நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனாலும் பதில் சொல்ல முடியவில்லை. உலக சுகாதார நிறுவனமும் வேறு அமைப்புகளும் சேர்ந்து 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, பாதிக்கப்பட்டவரை நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள் என்று தெளிவாகச் சொல்கிறது. அதை நாங்கள் தேடி வாசித்தது அந்தப் பிள்ளை வாந்தி எடுத்த பிறகுதான். கல்வியியற் கல்லூரியில் பியாஜே படித்தோம், எரிக்சன் படித்தோம், பரீட்சையும் எழுதினோம். நடுங்குகிற பிள்ளையின் கையை என்ன செய்வது என்று யாரும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.

மலையில் வேலை செய்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கொழுந்து பறிக்கும்போது குளவி கலைந்தால் அக்காமார் யோசித்துவிட்டா ஓடுகிறார்கள்? கூடை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். குளவி என்று மூளை பெயர் வைப்பதற்கு முன்பே கால் ஓடிவிடுகிறது. நெஞ்சு படபடக்கும், மூச்சு மேலேயே நிற்கும், கை கால் இறுகும், வயிறு புரளும். இது நோயில்லை. உயிரைக் காப்பாற்ற அல்லாஹ் உடம்புக்குள் வைத்த ஏற்பாடு. ஓட முடிந்தவர் ஓடி, மூச்சு வாங்கி, உட்கார்ந்து அழுது, கொஞ்ச நேரத்தில் ஆறிவிடுகிறார். ஓட இடமில்லாதவருக்கு என்ன நடக்கும்? உடம்பு உறைந்துவிடும். அந்த இரவில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நின்ற பிள்ளைக்கு ஓட எந்தப் பக்கம் இருந்தது?

அப்படி உறைந்த உடம்புக்கு ஆபத்து முடிந்துவிட்டது என்ற தகவல் போய்ச் சேருவதில்லை. குளவி குத்திய அக்கா ஒருவர், மாதக்கணக்கான பிறகும் ஈ காதருகில் பறந்தால் கை நடுங்குகிறது என்பார். இது ஈ என்று அவருக்குத் தெரியும், ஆனால் கைக்குத் தெரியாது. எங்கள் பிள்ளைகளுக்குத் தகரத்தில் விழும் மழைதான் அந்த ஈ. "மழைதானே, பயப்படாதே" என்று நாம் ஆயிரம் தரம் சொல்கிறோம். அந்தச் சொல் காதுக்குப் போகிறது. பயம் காதில் இல்லை.

உடம்பின் வழியாகவே உடம்புக்குத் தகவல் அனுப்ப ஒரு வழி இருக்கிறது, மூச்சு. இதயம் நம் பேச்சைக் கேட்காது, வயிறும் கேட்காது. மூச்சை மட்டும் நாம் விரும்பினால் கொஞ்சம் மாற்றலாம். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடும்போது, மூளையிலிருந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிற வேகஸ் என்ற நரம்பு இதயத் துடிப்பைக் குறைக்கிறது. உங்கள் கையில் நாடி பிடித்துப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது மெதுவாகும். இதில் மந்திரம் எதுவும் கிடையாது.

மேற்கு நாடுகளில் இதை வைத்துப் பெரிய சிகிச்சை முறைகளே வளர்ந்திருக்கின்றன. அமெரிக்காவில் பீட்டர் லெவின் என்பவர், அதிர்ச்சி உடம்பில் தங்குகிறது, அங்கிருந்துதான் அதை மெல்ல இறக்க வேண்டும் என்று 1997இல் புத்தகம் எழுதினார். பெசல் வான் டெர் கோல்க் என்ற உளமருத்துவர் 2014இல் எழுதிய புத்தகம் உலகெங்கும் விற்றது. அவர்கள் சொல்வது எல்லாம் நிரூபணமான விஞ்ஞானம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். சில பகுதிகளை ஆய்வாளர்களே கேள்வி கேட்கிறார்கள். பெரும் தொகை வாங்கிக்கொண்டு இரண்டு நாளில் சான்றிதழ் கொடுக்கிற ஆட்களும் இதற்குள் வந்துவிட்டார்கள், கவனம்.

ஆனால் நாம் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. நம் நாட்டிலேயே, நம் மொழியிலேயே இந்த வேலை நடந்திருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், யுத்தத்தின் நடுவில் நோயாளிகளைப் பார்த்தவர். "மனவடு" என்று 1993இல் தமிழில் புத்தகமும் எழுதினார். அவரிடம் வந்தவர்களில் பலர் "எனக்கு மனக்கவலை" என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. தலையிடி, நெஞ்சு நோ, உடம்பெல்லாம் உளைவு, நித்திரை இல்லை என்றுதான் வந்தார்கள். நம் தோட்டத்து டிஸ்பென்சரி வரிசையில் நின்று பாருங்கள், அதே சொற்கள்தான். "நெஞ்ச அடைக்குது", "ஒடம்புக்கு ஏலல்ல", "கை கால் ஓயுது". பனடோல் இரண்டு கிடைக்கும். வேலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை, அதனால் விழுங்கிவிட்டு மலைக்குப் போவார்கள்.

சோமசுந்தரம் செய்த காரியம் எங்களுக்கு மிகவும் பிடித்தது. மூச்சுப் பயிற்சி, தசையை இறுக்கித் தளர்த்துவது, ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது, தியானம், எண்ணெய் தேய்ப்பது ஆகியவற்றை அவர் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். அந்தச் சொல் எது என்பதை நோயாளியின் சமயத்துக்கே விட்டார். இந்துவுக்கு ஜெபம், கத்தோலிக்கருக்கு ஜெபமாலை, முஸ்லிமுக்கு திக்ர், பௌத்தருக்கு அவர்களுடைய ஆனாபானசதி. ஏற்கனவே நம்மிடம் இருப்பதை எடுத்து, இதுதான் உங்கள் மருந்து என்று கையில் கொடுத்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆசிரியர்களாகிய எங்களுக்குத் தைரியம் தந்தது இதுதான். 2004 சுனாமிக்குப் பிறகு, ஒரு மாதம்கூட ஆகுமுன், வடகிழக்குக் கரையோர முகாம் ஒன்றில் 31 பிள்ளைகளுக்குச் சிகிச்சை கொடுத்து அதை ஆய்வாகவும் பதிந்தார்கள். கிளாவ்டியா கத்தானியும் குழுவினரும் 2009இல் வெளியிட்டார்கள். சுனாமிக்கு முன்னால் யுத்தத்தையும் பார்த்த பிள்ளைகள். ஒரு பாதிப் பேருக்கு, நடந்ததை ஆரம்பத்திலிருந்து ஒழுங்காகக் கதையாகச் சொல்ல வைக்கும் முறை. மற்றப் பாதிக்கு மூச்சு, தளர்வு, தியானம். ஒவ்வொருவருக்கும் ஆறு அமர்வுதான். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கதை சொன்ன பிள்ளைகளில் 81 வீதமும், மூச்சுப் பயிற்சி செய்தவர்களில் 71 வீதமும் தேறியிருந்தார்கள்.

சின்ன ஆய்வு, அதை மறைக்கவில்லை. ஒன்றும் செய்யாமல் விட்ட பிள்ளைகளோடு ஒப்பிடவில்லை என்பதால், காலமே ஆற்றியது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பேசுவதே கூடாது என்றும் இது சொல்லவில்லை. பயிற்சி பெற்ற ஒருவர், பக்கத்தில் இருந்து, நேரம் கொடுத்து, கதையை முடிவு வரை கொண்டுபோனால் பேசுவது நல்ல மருந்து. நாங்கள் செய்தது அதுவல்ல. நாற்பது நிமிடப் பாடவேளையில் காயத்தைத் திறந்துவிட்டு மணி அடித்ததும் அடுத்த பாடத்துக்குப் போனோம்.

இப்போது இரண்டாம் பாடவேளைக்கு முன் எட்டு நிமிடம் எடுக்கிறோம். இரண்டு பாதமும் தரையில். கையை முஷ்டி பிடித்து இறுக்கி, விடுவது. தோளைக் காது வரை தூக்கி, விடுவது. சூடான தேத்தண்ணியை ஊதுவது மாதிரி மெதுவாக மூச்சு விடுவது (இது பிள்ளைகளே கண்டுபிடித்தது, நாங்கள் சொன்ன உதாரணத்தைவிட நல்லது). பிறகு கண்ணைத் திறந்தபடியே அறைக்குள் ஐந்து பொருளைப் பார்த்துப் பெயர் சொல்வது. கண்ணை மூடச் சொல்வதில்லை. மூடினால் சிலருக்கு அந்த இருட்டு திரும்ப வந்துவிடுகிறது. விருப்பமில்லாத பிள்ளை சும்மா இருக்கலாம், சித்திரம் கீறலாம்.

இதற்குத்தான் பிரச்சினை வந்தது.

"பாடசாலையில் யோகா சொல்லிக் கொடுக்கிறார்களாம், ஒரு முஸ்லிம் ஆசிரியரே இதைச் செய்யலாமா?" என்று எங்கள் சகோதரர்கள் சிலர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்கள். பெயர் சொல்லவில்லை, கோபமும் இல்லை. மார்க்கத்தின் மீதுள்ள அக்கறையில் கேட்டார்கள் என்றே எடுத்துக்கொள்கிறோம். நாங்கள் ஆசனம் எதுவும் செய்விக்கவில்லை, எந்தத் தெய்வத்தின் பெயரையும் சொல்ல வைக்கவில்லை. மூச்சுக்கு மதமில்லை என்பதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதற்கு மேலும் சொல்ல இருக்கிறது.

ஹிரா குகையில் முதல் வஹீ இறங்கிய சம்பவத்தை மத்ரஸாவில் படித்த எந்தப் பிள்ளையும் சொல்லும். நபி (ஸல்) அவர்கள் நெஞ்சு நடுங்க வீட்டுக்கு வந்தார்கள். தம்மைப் போர்த்திவிடச் சொன்னார்கள். பயம் தெளியும் வரை போர்த்திவிட்டார்கள். அதன் பிறகுதான் நடந்ததை கதீஜா (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். வரிசையைக் கவனியுங்கள். முதலில் போர்வை, பிறகு பேச்சு. முதலில் என்ன நடந்தது சொல்லுங்கள் என்று யாரும் குடையவில்லை. கோபம் வந்தால், நிற்பவர் உட்காரட்டும், அதிலும் அடங்காவிட்டால் படுக்கட்டும் என்ற போதனையும் நமக்குத் தெரியும். மனதை அடக்க உடம்பின் நிலையை மாற்றச் சொல்கிற மார்க்கம் நம்முடையது. தொழுகையில் நெற்றி தரையில் படும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று ஒவ்வொருவரும் அறிந்திருக்கிறோம். இதை வைத்து, தொழுகை ஒரு சிகிச்சைதான் என்று குறைத்துச் சொல்ல வரவில்லை. இபாதத் இபாதத்தான். ஆனால் நடுங்குகிற பிள்ளைக்கு மெதுவாக மூச்சு விடக் கற்றுக்கொடுப்பது தீனுக்கு வெளியே போன காரியம் என்று யாரும் எங்களிடம் சொல்ல வேண்டாம்.

தோட்டத்து அம்மாக்களிடம் வேறு கேள்வி வந்தது. பிள்ளை பயந்திருக்கிறது, கோயிலில் திருநீறு போட்டுவிட்டோம், பள்ளிவாசலில் ஓதியும் பார்த்துவிட்டோம், இனி இது எதற்கு? (ஆம், நம் ஊரில் இரண்டும் நடக்கும். ஹஸ்ரத் வீட்டு வாசலில் குழந்தையோடு நிற்பவர்களில் பாதிப் பேர் நெற்றியில் பொட்டோடுதான் நிற்பார்கள். இந்த மலையின் நல்ல பழக்கங்களில் அது ஒன்று.) அதை நிறுத்தச் சொல்லவில்லை. பெரியவர் ஒருவர் தலையில் கை வைத்து, மெல்லிய குரலில் ஓதி, பிள்ளையை மடியில் வைத்திருக்கும்போது பிள்ளையின் மூச்சு அடங்குகிறது. அதுவும் உடம்புக்குச் செய்கிற உதவிதான். ராத்திரி உள்ளங்காலில் எண்ணெய் தடவிவிடுகிற பாட்டியும் அதையே செய்கிறார். நாங்கள் கேட்பது ஒன்றுதான். பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலையால் அடிக்காதீர்கள், கட்டிவைக்காதீர்கள். ஏற்கனவே அடி வாங்கிய உடம்புக்கு அது இன்னொரு அடி.

செத்தவீட்டையும் நினைத்துப் பாருங்கள். தப்புச் சத்தமும், பெண்கள் தோளோடு தோள் சேர்த்து ஆடி ஆடி வைக்கிற ஒப்பாரியும் நம் மலையகத்தின் பழைய மருத்துவம். நவம்பரில் பல குடும்பங்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. பாதை இல்லாததால் சொந்தம் வர முடியவில்லை. சிலருக்கு உடலே கிடைக்கவில்லை. அழ வேண்டிய நேரத்தில் அழாத உடம்புகள் இப்போது முதுகுவலி என்று வரிசையில் நிற்கின்றன. திதியோ, கத்தமோ, நினைவுப் பூசையோ, ஒரு வருடம் திரும்புவதற்குள் ஊராகக் கூடி ஏதாவது செய்ய வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

இனி, எங்களை இரவில் தூங்க விடாத விடயம்.

மேசைக்குக் கீழே போகிற பிள்ளைகளில் சிலர் இன்னும் அதே லயத்தில், அதே சரிவுக்குக் கீழேதான் படுக்கிறார்கள். சுவரில் வெடிப்பு அப்படியே இருக்கிறது. மழை வந்தால் அந்தப் பிள்ளையின் உடம்பு பயப்படுவது பிழையா? உடம்பு சரியாகத்தான் சொல்கிறது, ஓடு என்று. நாங்கள் எட்டு நிமிடம் மூச்சு விட வைத்து அந்தப் பயத்தை அமத்திவிட்டு, திரும்ப அந்தச் சரிவுக்குக் கீழே அனுப்பினால் நாங்கள் யார்?

மீரியபெத்தை நினைவிருக்கிறதா? 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குக் கிளம்பிப் போயிருந்ததால் பிழைத்த பிள்ளைகள் உண்டு. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வந்தது, போக இடம்தான் வரவில்லை. பதினொரு வருடம் கழித்து டித்வா வந்தபோதும் மலையில் பெரும்பாலானவர்களுக்குச் சொந்தக் காணி இல்லை.

அதனால் ஆலோசனைக் கூட்டங்களுக்கு வருகிற அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வர்ணப் பென்சிலுக்கும் பிஸ்கட்டுக்கும் நன்றி. ஆனால் "மீண்டெழும் பிள்ளைகள்" என்று பதாகை பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போகும்போது, அந்தப் பிள்ளை எங்கே படுக்கிறது என்று ஒரு கேள்வியையும் கேட்டுவிட்டுப் போங்கள். பாதுகாப்பான தரையில் வீடு கொடுப்பதும் உடம்புக்கான சிகிச்சைதான். பயம் தெளியாத இடத்தில் எந்தப் பயிற்சியும் பாதியிலேயே நின்றுவிடும். எங்கள் வகுப்பில் இதைக் கண்ணால் பார்க்கிறோம். வாடகை வீட்டுக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ மாறிய பிள்ளைகள் இரண்டு மாதத்தில் தெளிந்தார்கள். மாறாத பிள்ளைகள் மாறவில்லை.

ஆகவே எங்கள் எட்டு நிமிடத்தோடு இன்னொன்றையும் சேர்த்திருக்கிறோம். பலத்த மழை வந்தால் எங்கே போவது, யார் கையைப் பிடிப்பது, பையில் என்ன வைப்பது என்று பிள்ளைகளோடு சேர்ந்து படம் கீறினோம். இரண்டு தடவை நடந்தும் பார்த்தோம், லயத்திலிருந்து மேட்டு மைதானம் வரை. அந்த இரவில் ஓட முடியாத கால்கள் பகல் வெளிச்சத்தில் அந்தப் பாதையை ஓடின. சிரித்துக்கொண்டே ஓடினார்கள். மூச்சுப் பயிற்சியைவிட அதுதான் சிலருக்கு வேலை செய்தது என்று நினைக்கிறோம்.

நாங்கள் மருத்துவர்கள் இல்லை. பிள்ளையோ பெரியவரோ மாதக்கணக்கில் நித்திரை இல்லாமல், சாப்பிடாமல், யாரோடும் சேராமல் இருந்தால், அல்லது சாவைப் பற்றிக் கதைத்தால், தாமதிக்க வேண்டாம். பக்கத்து அரசாங்க வைத்தியசாலையில் உளநல கிளினிக் எந்த நாள் என்று விசாரியுங்கள். போகப் பயமாக இருந்தால் எங்களில் ஒருவர் கூட வருவோம். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் ஆள் கதைப்பார்கள். மருந்து தந்தால் மருந்தை நிறுத்தாதீர்கள், மூச்சுப் பயிற்சி மருந்துக்குப் பதில் இல்லை.

கடைசியாக மூன்று விடயம் கேட்கிறோம். தோட்டத்துப் பெற்றோர் சனிக்கிழமை பின்னேரம், சம்பள நாளாக இல்லாத ஒரு கிழமையில், ஒரு மணித்தியாலம் பாடசாலைக்கு வாருங்கள். பிள்ளைகள் செய்வதை நீங்களும் செய்து பாருங்கள். உங்களுக்கும் அந்த இரவு இருந்தது. பள்ளிவாசல் நிர்வாகத்தினர், மழை கடுமையான இரவுகளில் கீழ் மண்டபத்தைத் திறந்து வைக்க முடியுமா என்று பேசி முடிவு சொல்லுங்கள். சாதி மதம் பார்க்காமல் நவம்பரில் திறந்தீர்கள், அல்லாஹ் அதற்குக் கூலி தருவான். மூன்றாவது, வாட்ஸ்அப்பில் எழுதிய சகோதரர்களுக்கு. எந்த நாளிலும் இரண்டாம் பாடவேளைக்கு முன் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். அதிபரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். மழை நாளில் வந்தால் இன்னும் நல்லது. கதவு திறந்துதான் இருக்கும். மழை பெய்யும்போது கதவைச் சாத்த வேண்டாம், மலையைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள்.